கலைக்கூடத்தில் மாணவர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளி மாணவர்களை அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் செல்வது குறித்து ஆசிரியர்களும் பெற்றோர்களும் அனுப்பிய கேள்விகளில் சில, இந்த இதழில் பதில்களுடன் இடம்பெறுகின்றன.

கேள்வி: ஆண்டுதோறும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் அறுபது மாணவர்களைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்கிறோம். இரண்டு மணி நேரத்தில் எல்லாக் கூடங்களையும் சுற்றி முடித்துவிடுகிறோம். மறுநாள் வகுப்பில் கேட்டால், திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைத் தவிர வேறெதுவும் அவர்கள் நினைவில் இல்லை. சிற்பத்திலும் ஓவியத்திலும் அவர்களுக்கு ஈடுபாடு வரச் செய்வது எப்படி?
— நடுநிலைப் பள்ளி ஆசிரியை, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: எல்லாக் கூடங்களையும் பார்த்துவிட வேண்டும் என்ற திட்டத்தை முதலில் கைவிடுங்கள். 1851-இல் தொடங்கப்பட்டு, 1854 முதல் எழும்பூரில் இயங்கிவரும் அந்த அருங்காட்சியகத்தில் விலங்கியல், தாவரவியல், மானிடவியல், நாணயவியல், தொல்லியல், கலை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. பெரியவர்களே ஒரே நாளில் பார்த்து முடிக்க முடியாத அந்த வளாகத்தில் பிள்ளைகளை வரிசையாக ஓட்டிச் சென்றால், எல்லாவற்றிலும் பெரியது எதுவோ அதுதான் அவர்கள் மனத்தில் நிற்கும். திமிங்கலம் நினைவில் நின்றதற்குப் பிள்ளைகளின் ஆர்வக்குறைவு காரணமன்று. அந்த நாளை நாம் திட்டமிட்ட முறைதான் காரணம்.

அடுத்த முறை கலைக்காக மட்டும் ஒரு பயணத்தை ஒதுக்குங்கள். நான்கு படைப்புகள் போதும். ஐந்தைத் தாண்டவே வேண்டாம். அறுபது பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக்கி, வெவ்வேறு இடங்களிலிருந்து தொடங்கச் செய்தால் ஒரே சிலையின் முன் நெரிசல் வராது. அதற்கு முன்னதாக நீங்களும் மற்ற பொறுப்பாளர்களும் பிள்ளைகள் இல்லாமல் ஒரு முறை சென்று, எந்தச் சிலையின் முன் உட்கார இடமிருக்கிறது, எங்கே வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது, எந்தக் கூடம் மூடப்பட்டிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துவிட்டு வர வேண்டும். பள்ளி வேலை நாளான வெள்ளிக்கிழமைதான் அந்த அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை என்பதைத் தேதி குறிக்கும்போது மறந்துவிடாதீர்கள்.

செப்புத்திருமேனிகள் இருக்கும் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரைத் தேர்ந்துகொள்ளலாம். பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, ஒரு நிமிடம் யாரும் பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, அவர்கள் வீட்டிலும் நாட்காட்டியிலும் பார்த்திருக்கும் நடராசர் படத்துக்கும் இந்தச் சிலைக்கும் என்ன வேறுபாடு என்று மட்டும் கேளுங்கள். சற்று நேரத்தில் யாராவது ஒருவர், சுற்றியிருக்க வேண்டிய நெருப்பு வட்டம் இங்கே இல்லை என்பார். இன்னொருவர், இருபுறமும் விரிந்து பறக்கும் சடையைக் காணோம் என்பார். அந்தச் சிலைக்குத் திருவாசியும் இல்லை, விரிசடையும் இல்லை. அவை இல்லாமலே ஆட்டத்தின் வேகம் நமக்கு எப்படித் தெரிகிறது என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கட்டும். தூக்கிய இடது காலையும், உடலுக்குக் குறுக்கே வீசிய கையையும், மடங்கிய வலது முழங்காலையும் பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டத் தொடங்குவார்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோதன் இந்தச் சிலையின் நிழற்படங்களைப் பார்த்தே வியந்து எழுதினார் என்ற செய்தியை அதற்குப் பிறகு சொன்னால், அவர் எதைக் கண்டு வியந்தார் என்பது அவர்களுக்கு விளக்காமலே புரியும்.

அடுத்ததாக, ஆந்திராவின் அமராவதிப் பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்களில் ஒன்றைக் காட்டுங்கள். நளகிரி என்னும் மதம் கொண்ட யானையைப் புத்தர் அடக்கியதைக் காட்டும் வட்ட வடிவச் சிற்பம் மிகவும் ஏற்றது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சுண்ணாம்புக் கல்லில் செதுக்கப்பட்டது. இதில் எத்தனை யானைகள் இருக்கின்றன என்று கேட்டால், இரண்டு என்ற விடை உடனே வரும். இடப்பக்கத்து யானை மனிதர்களைத் தாக்கிக்கொண்டிருக்கிறது; தெருவில் இருப்பவர்கள் அஞ்சி ஒதுங்குகிறார்கள்; மாடங்களிலிருந்து சிலர் எட்டிப் பார்க்கிறார்கள். வலப்பக்கத்து யானை புத்தரின் முன் மண்டியிட்டிருக்கிறது. இரண்டும் ஒரே யானையாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். படக்கதை படித்துப் பழகிய பிள்ளைகள், அடுத்தடுத்த இரண்டு நேரங்களை ஒரே வட்டத்துக்குள் சிற்பி வைத்திருக்கிறார் என்பதைத் தாங்களே கண்டுகொள்வார்கள். அப்படிக் கண்டுகொண்டதை எந்த ஆசிரியரும் இரண்டாம் முறை சொல்லித்தர வேண்டியிருக்காது.

கலைப் பயணம் முடிந்த பிறகு, நேரம் இருந்தால் திமிங்கலத்தையும் பார்க்கட்டும்.

கேள்வி: தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு என் மகனின் பள்ளியில் அழைத்துச் சென்றார்கள். வழிகாட்டி ஒவ்வொரு சிலைக்கும் பெயர், ஊர், நூற்றாண்டு, அரசர் என்று ஒப்பித்துக்கொண்டே போனாராம். அவனுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. ஆனால் எதுவும் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டால், ஒன்றும் தெரியாத பிள்ளைகள் வாய்க்கு வந்ததைச் சொல்லமாட்டார்களா?
— ஒரு தந்தை, கும்பகோணம்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. இதற்கு விடை காண முயன்றவர்களில் இருவரை இங்கே குறிப்பிட வேண்டும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த பிலிப் யெனவைன், தங்கள் வழிகாட்டிகள் சொல்வதில் பெரும்பகுதி பார்வையாளர்களின் மனத்தில் தங்குவதில்லை என்பதை உணர்ந்தார். மக்கள் ஓவியத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் அபிகெயில் ஹவுசனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முறை, மூன்றே கேள்விகளால் ஆனது. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறு என்னவெல்லாம் காண முடிகிறது?

இவற்றில் இரண்டாவது கேள்விதான் உங்கள் ஐயத்துக்கு மருந்து. வாய்க்கு வந்ததைச் சொன்ன பிள்ளை, எதைப் பார்த்துச் சொன்னாய் என்று கேட்டதும் மறுபடியும் சிலையிடம் திரும்பியாக வேண்டும்; அங்கே சான்று கிடைத்தால் கருத்து நிற்கும், கிடைக்காவிட்டால் பிள்ளையே அதை மாற்றிக்கொள்ளும். வழிகாட்டி யாரையும் தவறென்று சொல்லத் தேவையில்லை. பிள்ளை சுட்டிய இடத்தைத் தாமும் சுட்டிக்காட்டி, சொன்னதைத் தெளிவான சொற்களில் மற்றவர்களுக்குத் திருப்பிச் சொன்னால் போதும்.

ஆனால் இந்த முறையை அப்படியே நம் சிலைகளுக்கு எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. சோழர் காலச் செப்புத்திருமேனிகள் சில இலக்கணங்களுக்கு உட்பட்டுச் செய்யப்பட்டவை. கையில் இருப்பது மழுவா மானா என்பது பார்ப்பவரின் கற்பனைக்கு விடப்பட்டதன்று. ஆகவே நம் வழிகாட்டிக்கு அறிவு வேண்டும். அதை எந்த நேரத்தில் வெளியே எடுப்பது என்ற பொறுமையும் வேண்டும்.

உங்கள் மகன் பார்த்த கலைக்கூடத்திலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. 1951-இல் தொடங்கப்பட்ட அந்தக் கூடத்தின் பெருமைக்குரிய படைப்பு, திருவெண்காட்டிலிருந்து வந்த இடபவாகன தேவர். கோயில் கல்வெட்டின் துணையால் 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று அறியப்படும் இந்தச் சிவன், பாம்புகள் சுற்றிய சடையைத் தலைப்பாகை போல முடிந்துகொண்டு, ஒரு காலை மற்றொரு காலின் குறுக்கே இளைப்பாறலாக வைத்து, வலக்கையை மடக்கி எதன் மீதோ சாய்த்தபடி நிற்கிறார். கைக்குக் கீழே எதுவும் இல்லை. பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மாறாக, இவர் எதன் மேல் சாய்ந்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். தூண், சுவர், நண்பனின் தோள் என்று பல விடைகள் வரும். கையின் உயரம் என்ன, அந்த உயரத்தில் சிவனுக்குப் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று மேலும் கேட்டால், அதற்குள் ஒரு பிள்ளை காளையைச் சொல்லிவிடும். அப்போது நீங்கள் பெயரையும் ஆண்டையும், காளை கிடைக்கவில்லை என்ற செய்தியையும், அடுத்த ஆண்டில் செய்து சேர்க்கப்பட்ட தேவி பக்கத்திலேயே நிற்பதையும் சொல்லுங்கள். இப்போது அவையெல்லாம் அவர்கள் கேட்க விரும்பிய செய்திகள்.

சென்னைக்கு வர நேர்ந்தால், எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதே திருவெண்காட்டின் அர்த்தநாரீசுவரரையும் அவனுக்குக் காட்டுங்கள். கைகளை எண்ணச் சொல்லுங்கள், மூன்றுதான் இருக்கும். ஆண் பாதிக்கு இரண்டு, பெண் பாதிக்கு ஒன்று. ஒரு பக்கம் ஆடை தொடையோடு நிற்க, மறுபக்கம் கணுக்கால் வரை இறங்குவதையும் அவன் கண்டுபிடிக்கட்டும். இரண்டு வேறு உடல்களை ஒட்டவைத்த தோற்றம் எங்கும் இல்லாமல் ஒரே உடலாக அது நிற்பது எப்படி என்ற கேள்வியோடு விட்டுவிடுங்கள். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கேள்வி என்னையும் அங்கேயே நிறுத்திவைக்கிறது.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயதுதான். இப்போதே அழைத்துச் செல்லலாமா?
— ஒரு தாய், திருச்சி

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லலாம், இருபது நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகள் உடலால் பார்ப்பவர்கள். பார்வதியின் செப்புத்திருமேனி முன் நிறுத்தி, அம்மனைப் போலவே நிற்கச் சொல்லுங்கள். உடலின் எடையை ஒரே காலில் ஊன்றினால்தான் இடுப்பு அப்படி ஒருபுறம் வளையும் என்பதையும், தோள் எதிர்ப்புறம் சாய்ந்தால்தான் விழாமல் நிற்க முடியும் என்பதையும் அவள் தானாகவே அறிந்துகொள்வாள். பெரிய வகுப்பு மாணவர்களுக்கும் இதே பயிற்சியைத் தரலாம்.

கேள்வி: ஒரு நாள் முழுவதும் கணக்கும் அறிவியலும் நின்றுபோகின்றன. பேருந்துச் செலவும் இருக்கிறது. ஒரு முறை சென்று வருவதால் பயன் உண்டு என்பதற்குச் சான்று ஏதேனும் இருக்கிறதா?
— உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், சேலம் மாவட்டம்

பதில்: இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, இலவசப் பயணத்துக்கு விண்ணப்பித்த பள்ளிகள் ஏராளம். எல்லாரையும் உடனே அழைக்க இயலாததால், யார் முதலில், யார் பிறகு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஜே கிரீன், பிரையன் கிசிடா, டேனியல் போவன் என்ற ஆய்வாளர்கள் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, சென்று வந்த மாணவர்களையும் இன்னும் செல்லாத மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். 123 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 11,000 மாணவர்கள் அந்த ஆய்வில் இடம்பெற்றார்கள். பயணமோ அரை நாள்தான். அதில் ஒரு மணி நேரம், ஏறக்குறைய ஐந்து ஓவியங்களைப் பார்த்துப் பேசினார்கள்.

சில வாரங்கள் கழித்து, முன்பு பார்த்திராத ஓர் ஓவியத்தைத் தந்து எழுதச் சொன்னபோது, சென்று வந்தவர்கள் கூர்ந்து நோக்கியும் காரணம் காட்டியும் எழுதுவதில் முன்னேறியிருந்தார்கள். அந்த முன்னேற்றம் மொத்தத்தில் சிறியதுதான். அதை மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் கிராமப்புற மாணவர்களிடமும் வறிய குடும்பத்துப் பிள்ளைகளிடமும் அது தெளிவாகவே பெரியதாக இருந்தது. கலைக்கூடத்துக்குப் பெற்றோருடன் செல்லும் வாய்ப்பு ஏற்கெனவே உள்ள பிள்ளைக்குப் பள்ளிப் பயணம் சிறிது கூட்டித் தருகிறது. அந்த வாய்ப்பே இல்லாத பிள்ளைக்கு முதல் கதவைத் திறக்கிறது. உங்கள் பள்ளியில் இந்த இரண்டாம் வகையினர்தான் மிகுதி என்று நினைக்கிறேன். பேருந்துச் செலவை அந்தப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எடைபோடுமாறு வேண்டுகிறேன்.

கணக்கும் அறிவியலும் நின்றுபோக வேண்டும் என்பதும் இல்லை. சுவாமிமலைச் சிற்பிகள் சிலைக்கு அளவெடுக்கத் தென்னை ஓலை நறுக்கைப் பயன்படுத்துகிறார்கள். சிலையின் உயரத்துக்கு வெட்டிய ஓலையைக் கணக்கிட்டு மடித்து, முகம், மார்பு, இடை, தொடை என ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய பங்கை அந்த மடிப்புகளைக் கொண்டே குறிக்கிறார்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் வகுப்பில் ஆளுக்கோர் ஓலையைக் கொடுத்து, முகத்தின் நீளத்தை ஒரு பங்காகக் கொண்டு நண்பனின் உயரத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். விகிதம் என்ற பாடம் அங்கேயே நடந்துவிடும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, வண்டல் மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையை அறிவியல் ஆசிரியர் விளக்கலாம். வார்ப்பு முடிந்ததும் மண் கருவை உடைத்தால்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். எனவே ஒரு கருவிலிருந்து ஒரு சிலைதான் பிறக்கும். இதை அறிந்துகொண்டு வரும் மாணவர், ஒரே வரிசையில் இருக்கும் இரண்டு சோமாஸ்கந்தர் சிலைகளை (உமையுடனும் முருகனுடனும் அமர்ந்த சிவன்) ஒன்றென்று நினைத்துக் கடந்து போகமாட்டார்.

கேள்வி: செப்புச் சிலைகளைக் கண்டதும் சில மாணவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புகிறார்கள். எங்கள் பள்ளியில் முஸ்லிம், கிறித்தவ மாணவர்களும் படிக்கிறார்கள். அவர்கள் சற்று ஒதுங்கி நிற்கிறார்கள். இந்த நேரத்தில் நான் என்ன சொல்வது?
— பட்டதாரி ஆசிரியர், நாகப்பட்டினம்

பதில்: கைகூப்புகிறவரைத் தடுக்க வேண்டாம். அந்தச் சிலைகள் வணங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. இது கலைப்பொருள்தான், சாமி அல்ல என்று பிள்ளையைத் திருத்துவது உண்மைக்கும் பொருந்தாது. அதேபோல், ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் கும்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்தாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை.

இருவரையும் ஒரே இடத்தில் சேர்க்கும் வழி, சிலையின் பீடத்தைப் பார்க்கச் சொல்வது. பல பீடங்களில் துளைகளோ வளையங்களோ இருக்கும். இவை எதற்காக என்று கேளுங்கள். கோயில் திருவிழா பார்த்த பிள்ளை, உற்சவரைத் தண்டில் பூட்டித் தூக்கிச் செல்ல என்று சொல்லும். வேளாங்கண்ணித் தேர்பவனியைப் பார்த்த பிள்ளையும் நாகூர்க் கந்தூரிக் கூட்டைக் கண்ட பிள்ளையும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. உங்கள் மாவட்டத்தில் இவை யாருக்கும் அயலானவை அல்ல. தெருவில் வரும்போது இந்தத் திருமேனி பட்டாலும் மாலைகளாலும் மூடப்பட்டிருக்கும், முகமும் கைகளும் மட்டுமே மக்களுக்குத் தெரியும் என்பதையும் சொல்லுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் முதுகின் வளைவையும் பின்முடிச்சையும் சிற்பி இவ்வளவு அக்கறையோடு ஏன் செய்தார் என்ற கேள்விக்கு, எந்தச் சமயத்துப் பிள்ளையும் தனக்குரிய விடையைச் சொல்லலாம். ஆகவே வாய்ப்புள்ள இடங்களில் எல்லாம் சிலையின் பின்பக்கத்தையும் சுற்றிவந்து பார்க்கச் செய்யுங்கள்.

கேள்வி: ஆடை குறைந்த சிற்பங்களைக் கண்டு எட்டாம் வகுப்பு மாணவர்கள் சிரிக்கிறார்கள். அந்தக் கூடத்தைத் தவிர்த்துவிடலாமா?
— ஆசிரியை, ஈரோடு

பதில்: தவிர்க்க வேண்டாம், கடிந்துகொள்ளவும் வேண்டாம். அந்த வயதில் சிரிப்பு இயல்பு. புறப்படும் முன்பே வகுப்பில் இதைப் பற்றி நேராகப் பேசிவிடுங்கள். மெல்லிய ஆடையைக் கல்லிலும் செம்பிலும் சில கோடுகளால் மட்டுமே காட்டுவது சிற்ப மரபு என்று சொல்லி, அங்கே சென்றதும் அந்தக் கோடுகளைத் தேடச் சொல்லுங்கள். தேடும் வேலை வந்துவிட்டால் சிரிப்பு அடங்கிவிடும்.

கேள்வி: பார்த்துவிட்டு வந்ததும் கட்டுரை எழுதச் சொல்கிறோம். எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். வேறு என்ன செய்யலாம்?
— தமிழாசிரியர், விருதுநகர்

பதில்: காலையில் புறப்பட்டதிலிருந்து மாலையில் திரும்பியது வரை எழுதச் சொன்னால் பேருந்தும் உணவும்தான் கட்டுரையில் நிறையும். ஒரே ஒரு படைப்பைத் தேர்ந்து, அதை ஒருபோதும் பார்த்திராத பாட்டிக்கு விவரிப்பதாக எழுதச் சொல்லுங்கள்; பெயரைச் சொல்லாமல் எழுதினால் மற்ற மாணவர்கள் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைவிட நல்லது, கூடத்திலேயே பத்து நிமிடம் வரையச் செய்வது. பென்சில் மட்டும் போதும், பேனா வேண்டாம். அழகாக வரைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பை முதலிலேயே நீக்கிவிட்டு, ஒரு கையை மட்டும் அல்லது ஒரு பாதத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். வரைய உட்கார்ந்த பிள்ளைதான் விரல்களுக்கிடையே உள்ள இடைவெளியைப் பார்க்கிறது.

கேள்வி: பார்வையற்ற மாணவர்கள் இருவர் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். தொடக்கூடாது என்று எழுதிவைத்திருக்கும் இடத்துக்கு அவர்களை எப்படி அழைத்துச் செல்வது?
— சிறப்பாசிரியர், மதுரை

பதில்: அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் அழைத்துச் செல்லாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடக்கூடாது என்ற விதிக்கு நல்ல காரணம் உண்டு. விரல்களின் ஈரமும் உப்பும் உலோகத்தைக் காலப்போக்கில் அரிக்கும். ஆனால் பிரதிகளுக்கு அந்த இடர் இல்லை. தில்லியில் உள்ள தேசிய அருங்காட்சியகம் 2015-இல் தொட்டு உணரும் பிரதிகளுக்கென்றே ஒரு கூடத்தைத் திறந்தது. நீங்கள் செல்லவிருக்கும் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, இருவருக்காக ஒரு பிரதியையோ வார்ப்பையோ ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

அது கிடைக்காவிட்டால், கைக்கடக்கமான ஒரு நடராசர் சிலையைக் கடையில் வாங்கி எடுத்துச் செல்லலாம். பார்வையுள்ள ஒரு மாணவர் பெரிய சிலையைப் பார்த்து விவரிக்க, பார்வையற்ற மாணவர் கையிலிருக்கும் சிலையைத் தடவியபடி கேட்டு, எங்கே வேறுபடுகிறது என்று கேள்வி எழுப்பட்டும். அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டிய மாணவர், வழக்கத்தைவிட நெருங்கிச் சென்று பார்க்க வேண்டியிருக்கும். நடராசரின் காலடியில் இருக்கும் முயலகன் எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடக்கிறான், அவன் கையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அப்படிக் கேட்கப்பட்டால் ஒழியப் பலர் கண்ணில் படுவதேயில்லை. இருவரையும் வெவ்வேறு குழுக்களில் சேர்த்தால், வகுப்பில் இன்னும் பலருக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கும்.